அமெரிக்கத் துணை அதிபர்: வருவது எப்படி, போவது எப்படி?

அமெரிக்க அதிபர் நினைத்தால் தன் வெளியுறவு அமைச்சரை இன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். பாதுகாப்பு அமைச்சர், அட்டர்னி ஜெனரல் என்று அமைச்சரவையில் யாராக இருந்தாலும் இதே கதைதான், காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் துணை அதிபரை மட்டும் அவரால் அசைக்க முடியாது. 2021 ஜனவரியில் டிரம்புக்கும் மைக் பென்ஸுக்கும் முட்டிக்கொண்டு சில நாட்கள் பேச்சே இல்லாமல் போனது, ஆனாலும் ஜனவரி 20 மதியம் வரை பென்ஸ்தான் துணை அதிபர். இத்தனைக்கும் அந்தப் பதவிக்கு அவரைக் கைகாட்டியதே டிரம்ப்தான்.

கைகாட்டுவது ஒரே ஒருவர். காட்டிய கையை அவரால் மடக்கிக்கொள்ள முடியாது. இந்த முடிச்சை நினைவில் வைத்துக்கொண்டால் மற்ற விதிகள் பெரிதாகக் குழப்பாது. துணை அதிபர் நாற்காலிக்குப் போக இரண்டு வழிகள் இருக்கின்றன, ஒன்று தேர்தல் வழி, இன்னொன்று நடுவில் நாற்காலி காலியானால் திறக்கும் வழி. இரண்டாவது வழி 1967-க்கு முன்னால் கிடையவே கிடையாது.

தேர்தல் வழியை முதலில் பார்ப்போம். நவம்பரில் தேர்தல் என்றால் அந்தக் கோடையில் இரண்டு பெரிய கட்சிகளும் மாநாடு கூட்டி வேட்பாளர்களை முறைப்படி அறிவிக்கும். அதிபர் வேட்பாளரை மாநிலம் மாநிலமாக மாதக்கணக்கில் உட்கட்சித் தேர்தல் நடத்தி எடுப்பார்கள். துணை அதிபர் வேட்பாளருக்கு அதெல்லாம் இல்லை. அதிபர் வேட்பாளர் ஒரு பெயரைச் சொல்வார், மாநாடு ஏற்றுக்கொள்ளும், முடிந்தது. 2024 ஜூலை 15 அன்று டிரம்ப் ஜே.டி. வான்ஸ் பெயரைச் சொன்னார், குடியரசுக் கட்சி மாநாடு அன்றைக்கே அதை ஏற்றுக்கொண்டது. அந்தப் பக்கம் ஜூலை 21-ல் பைடன் போட்டியிலிருந்து விலக, களத்துக்கு வந்த கமலா ஹாரிஸ் ஆகஸ்ட் 6-ல் டிம் வால்ஸை அறிவித்தார். நாட்டின் இரண்டாவது பெரிய பதவிக்கான ஆளைத் தேடி முடிக்க அவருக்குக் கிடைத்தது இரண்டு வாரம் சொச்சம்.

முன்பெல்லாம் இந்த முடிவு கட்சிப் பெரியவர்கள் கையில் இருந்தது. அதை முறித்தவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1940-ல் ஹென்றி வாலஸை ஏற்காவிட்டால் நானே போட்டியிடமாட்டேன் என்று மிரட்டித்தான் தன் ஆளைக் கொண்டுவந்தார் (நான்கே வருடத்தில் அதே வாலஸை ஓரங்கட்டிவிட்டு ஹாரி ட்ரூமனைச் சேர்த்துக்கொண்டது வேறு கதை). 1956-ல் ஜனநாயகக் கட்சியின் அட்லாய் ஸ்டீவன்சன் நேர்மாறாக, நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்று மாநாட்டிடமே விட்டுவிட்டார். எஸ்டஸ் கீஃபாவர் ஜெயித்தார். அந்தப் போட்டியில் தோற்ற இளம் செனட்டரின் பெயர் ஜான் எஃப். கென்னடி. அதற்குப் பிறகு வந்தவர்கள் பெரும்பாலும் அந்தத் துணிச்சலுக்குப் போகவில்லை.

இப்போது பெயரைச் சொல்வதற்கு முன்னால் வக்கீல்கள் கூட்டம் ஒன்று உட்கார்ந்து அந்த ஆளின் வருமான வரிக் கணக்கு, உடல்நலம், பழைய பேச்சுகள், குடும்பத் தொழில் என்று எல்லாவற்றையும் தோண்டும். இந்தத் தோண்டலுக்குப் பின்னால் ஒரு சோகக் கதை இருக்கிறது. 1972-ல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் மெக்கவர்ன் கடைசி நேர அவசரத்தில் டாம் ஈகிள்டன் என்ற செனட்டரைச் சேர்த்துக்கொண்டார். அவர் மன அழுத்தத்துக்காக மருத்துவமனையில் சேர்ந்து மின் அதிர்ச்சி சிகிச்சை எடுத்தவர் என்ற விஷயம் பிறகுதான் வெளியே வந்தது. ஆயிரம் சதவீதம் அவர் பக்கம் நிற்கிறேன் என்று முதலில் சொன்ன மெக்கவர்ன் அப்புறம் மெல்ல நழுவ, வேட்பாளராகி 18-வது நாளில் ஈகிள்டன் விலகினார். அப்போது மாநாடு முடிந்து எல்லோரும் ஊருக்குப் போயாகிவிட்டது, அதனால் கட்சியின் தேசியக் குழு கூடி சார்ஜன்ட் ஷ்ரைவரை அந்த இடத்தில் உட்கார வைத்தது. வாக்குப்பதிவுக்கு முன்னால் வேட்பாளர் விலகினாலோ இறந்தாலோ இன்றைக்கும் இதுதான் வழி, கட்சி கூடி வேறு பெயர் சொல்லும். மெக்கவர்ன் ஈகிள்டனைக் கைவிட்ட விதம்தான் எனக்கு அதிகமாக உறுத்துகிறது, ஆனால் அரசியல்வாதிகள் அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் ‘முன்கூட்டியே தோண்டு’ என்பது மட்டும்தான்.

யார் வேட்பாளராகலாம்? அதிபருக்கு உள்ள அதே தகுதிதான்: பிறப்பால் குடிமகன், 35 வயது, 14 வருடம் அமெரிக்காவில் வாசம். அதிபராகத் தகுதியில்லாதவர் துணை அதிபராகவும் முடியாது. இதோடு ஒரு வினோதமான விதியும் உண்டு. வாக்காளர்கள் நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுப்பதில்லை, மாநிலவாரியாகத் தேர்வாளர்களைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது தெரிந்திருக்கும். மொத்தம் 538 தேர்வாளர்கள், ஜெயிக்க 270 வேண்டும். இந்தத் தேர்வாளர்கள் அதிபருக்கு ஒன்று, துணை அதிபருக்கு ஒன்று என்று இரண்டு ஓட்டுப் போடுவார்கள், ஆனால் இரண்டையும் தங்கள் மாநிலத்துக்காரர்களுக்கே போடக்கூடாது.

இதில் மாட்டிக்கொள்ளப் பார்த்தவர் டிக் செனி. 2000-ல் ஜார்ஜ் புஷ் டெக்சாஸ் ஆளுநர், செனியும் அப்போது டெக்சாஸில் டல்லாஸ் பக்கம்தான் குடியிருந்தார். அப்படியே விட்டால் டெக்சாஸின் 32 தேர்வாளர்களும் இருவருக்கும் ஓட்டுப்போட முடியாது. அதனால் வேட்பாளராக அறிவிக்கப்படுவதற்குச் சில நாட்கள் முன்னால் செனி தன் பழைய மாநிலமான வயோமிங்குக்குப் போய் வாக்காளர் பதிவை மாற்றிக்கொண்டு வந்தார். சும்மா ஒரு சம்பிரதாயம் போலத் தெரியும், ஆனால் அந்தத் தேர்தலில் புஷ் வாங்கியது வெறும் 271. செனிக்கு டெக்சாஸ் ஓட்டு கிடைக்காமல் போயிருந்தால் புஷ் அதிபராகியிருப்பார், செனியின் கணக்கு 270-ஐத் தொட்டிருக்காது. இது வெறும் தந்திரம் என்று டெக்சாஸ்காரர்கள் சிலர் வழக்குப் போட்டும் பார்த்தார்கள், எடுபடவில்லை.

தேர்வாளர்கள் ஏன் இரண்டு தனித்தனி ஓட்டுப் போடுகிறார்கள் என்பதற்கும் ஒரு பழைய விபத்துதான் காரணம். அரசியல் சாசனத்தை எழுதியவர்கள் கட்சிகளை மனதில் வைத்து எழுதவில்லை. ஒவ்வொரு தேர்வாளரும் அதிபருக்கென்றே இரண்டு பெயர் எழுதட்டும், முதலில் வருபவர் அதிபர், இரண்டாவதாக வருபவர் துணை அதிபர் என்று வைத்துவிட்டார்கள். 1796-ல் ஜான் ஆடம்ஸுக்கு 71, எதிர்க்கட்சிக்காரர் தாமஸ் ஜெஃபர்சனுக்கு 68. ஆக, தோற்கடித்தவரின் பக்கத்திலேயே தோற்றவர் நான்கு வருடம் உட்கார்ந்திருந்தார். 1800-ல் இன்னும் மோசம். ஜெஃபர்சனும் அவர் கட்சியின் துணை வேட்பாளர் ஏரன் பர்ரும் ஆளுக்கு 73 வாங்கிச் சமமாக நின்றார்கள். பர்ர் கௌரவமாக ஒதுங்கியிருக்கலாம், ஒதுங்கவில்லை. விஷயம் நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்குப் போய் 36-வது சுற்று வாக்கெடுப்பில்தான் ஜெஃபர்சன் தேறினார். 1804-ல் வந்த 12-வது சட்டத்திருத்தம் இரண்டு ஓட்டையும் பிரித்தது.

யாருக்கும் பெரும்பான்மை வராவிட்டால்? அதிபரைப் பிரதிநிதிகள் சபை தேர்ந்தெடுக்கும், துணை அதிபரை மேலவையான செனட் தேர்ந்தெடுக்கும். முதல் இரண்டு இடம் பிடித்தவர்களில் ஒருவரை செனட்டர்கள் எடுக்க வேண்டும், இன்றைய கணக்கில் 51 ஓட்டு. இரண்டு சபையும் வெவ்வேறு கட்சியின் கையில் இருந்தால் ஒரு கட்சி அதிபரும் இன்னொரு கட்சி துணை அதிபரும் வர வாய்ப்பிருக்கிறது. துணை அதிபர் விஷயத்தில் செனட் வரை போனது ஒரே முறை, 1837-ல். துணை அதிபர் வேட்பாளர் ரிச்சர்ட் ஜான்சன் அடிமைப் பெண் ஒருவருடன் மனைவியாகவே வாழ்ந்ததை ஒளிக்காதவர், அது பிடிக்காத வர்ஜீனியா மாநிலத்தின் 23 தேர்வாளர்களும் அவர் கட்சியின் அதிபர் வேட்பாளருக்குப் போட்டுவிட்டு இவருக்கு மட்டும் போட மறுத்தார்கள். ஜான்சன் 147-ல் நின்றார், தேவை 148. பிறகு செனட்டில் 33-க்கு 16 என்று ஜெயித்தார்.

சாதாரண வாக்காளருக்கு இந்தப் பிரிப்பெல்லாம் கண்ணிலேயே படாது. அவருடைய வாக்குச்சீட்டில் இரண்டு பெயரும் சேர்ந்தேதான் இருக்கும், டிரம்பையும் வால்ஸையும் கலந்து எடுக்க வழியில்லை. டிசம்பரில் தேர்வாளர்கள் அவரவர் மாநிலத்தில் கூடி ஓட்டுப்போட, ஜனவரி 6 அன்று நாடாளுமன்றத்தின் இரு சபைகளும் சேர்ந்து உட்கார்ந்து எண்ணும். எண்ணிக்கைக்குத் தலைமை யார் என்று பார்த்தால், பதவியில் இருக்கும் துணை அதிபர்தான், ஏனென்றால் அவர்தான் செனட்டின் தலைவர். 2001-ல் அல் கோர் தன் தோல்வியைத் தானே அறிவித்தார், 2025-ல் கமலா ஹாரிஸ் தனக்கு 226, டிரம்புக்கு 312 என்று வாசித்தார். 2021-ல் அந்த எண்ணிக்கையைத் தடுக்கச் சொல்லித்தான் டிரம்ப் தரப்பினர் பென்ஸை நெருக்கினார்கள். அவர் மறுத்தார். 2022-ல் ஒரு சட்டம் போட்டு, துணை அதிபரின் வேலை உறையைத் திறந்து நடைமுறையை நடத்துவது மட்டும்தான், ஏற்கவோ தள்ளவோ அதிகாரமில்லை என்று தெளிவாக எழுதிவைத்துவிட்டார்கள்.

இப்படி வந்த துணை அதிபருக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டுமா? வேண்டாம். இதைத்தான் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். அமைச்சருக்கு செனட் ஒப்புதல் வேண்டும், நீதிபதிக்கு வேண்டும், தேர்தலில் ஜெயித்த துணை அதிபருக்கு வேண்டாம். ஜனவரி 20 அன்று அதிபருக்குக் கொஞ்சம் முன்னால் உறுதிமொழி எடுத்துக்கொண்டால் போதும். வேலை என்ன என்று கேட்டால், செனட்டில் ஓட்டு சமமாக நின்றால் தன் ஓட்டைப் போடுவது (கமலா ஹாரிஸ் 33 முறை போட்டிருக்கிறார், அதுதான் அதிகபட்சம்), மற்றபடி அதிபர் கொடுப்பது. முதல் துணை அதிபர் ஆடம்ஸே, மனிதன் கண்டுபிடித்ததிலேயே அற்பமான பதவி இது என்று மனைவிக்கு எழுதிய கடிதத்தில் புலம்பியிருக்கிறார்.

அற்பம் என்று நினைத்ததால்தானோ என்னவோ, நாற்காலி காலியானால் நிரப்ப வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை. 1967 வரை 16 முறை அது காலியானது. 7 பேர் பதவியில் இறந்தார்கள், 8 பேர் அதிபர் இறந்ததால் மேலே போனார்கள், ஜான் கால்ஹூன் 1832-ல் ராஜினாமா செய்தார். வில்லியம் கிங் என்பவர் காசநோய்க்காக கியூபா போயிருந்த இடத்திலேயே 1853-ல் உறுதிமொழி எடுத்து, ஊர் திரும்பிய மறுநாள் இறந்துபோனார், துணை அதிபராக தலைநகருக்கு அவர் வரவே இல்லை. அடுத்த நான்கு வருடம் அந்த இடம் காலி. ட்ரூமன் துணை அதிபராக இருந்தது 82 நாள். 1945 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் இறந்து இவர் அதிபரானதும் கிட்டத்தட்ட நாலு வருடத்துக்குத் துணையே இல்லை. எல்லாவற்றையும் கூட்டினால் 37 வருடத்துக்கு மேல் வரும். ஒன்றும் குடி முழுகிவிடவில்லை என்று அப்படியே ஓட்டினார்கள்.

கென்னடி சுடப்பட்டதும்தான் பயம் வந்தது. 1963 நவம்பர் 27, லிண்டன் ஜான்சன் அதிபராக நாடாளுமன்றத்தில் முதல் உரை நிகழ்த்துகிறார். அவருக்கு 1955-லேயே கடுமையான மாரடைப்பு வந்திருந்தது. அவருக்குப் பின்னால் உயரமான இரண்டு நாற்காலிகளில் தெரிவது யார் என்றால், ஒருவர் சபாநாயகர் ஜான் மெக்கார்மக், வயது 71, இன்னொருவர் செனட்டின் இடைக்காலத் தலைவர் கார்ல் ஹேடன், வயது 86. ஜான்சனுக்கு ஏதாவது ஆனால் அடுத்தது இவர்கள்தான், அதே வரிசையில். அணு ஆயுதக் காலத்தில் அந்தக் காட்சியை டிவியில் பார்த்தவர்களுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. பர்ச் பே என்ற இளம் செனட்டர் முன்னின்று உழைத்து 25-வது சட்டத்திருத்தத்தைக் கொண்டுவந்தார், 1967 பிப்ரவரியில் அது நிறைவேறியது. நாற்காலி காலியானால் அதிபர் ஒரு பெயரை முன்மொழிவார், செனட், பிரதிநிதிகள் சபை இரண்டும் பெரும்பான்மையோடு ஒப்புக்கொண்டால் அவர் துணை அதிபர். அமைச்சருக்கு செனட் மட்டும் போதும், இங்கே இரண்டு சபையும் வேண்டும், அதுதான் வித்தியாசம்.

அதைப் பயன்படுத்த ஏழு வருடம்கூடக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை, அதற்குள் வேலை வந்துவிட்டது. நிக்ஸனின் துணை அதிபர் ஸ்பைரோ அக்னியூ. மேரிலாந்து ஆளுநராக இருந்த காலத்திலேயே கான்ட்ராக்டர்களிடம் உறை உறையாகக் காசு வாங்கியவர், துணை அதிபரான பிறகும் வாங்கியவர் என்று அரசு வழக்கறிஞர்கள் ஆதாரத்தோடு வந்தார்கள். அக்னியூ நேராகப் பிரதிநிதிகள் சபைக்குப் போய், என்னை நீங்களே விசாரியுங்கள் என்றார், அங்கே போனால் நீதிமன்றத்திடமிருந்து தப்பிக்கலாம் என்ற கணக்கு. சபாநாயகர் கார்ல் ஆல்பர்ட் மறுத்துவிட்டார். 1973 அக்டோபர் 10 அன்று பால்டிமோர் நீதிமன்றத்தில் அக்னியூ வரி ஏய்ப்புக் குற்றச்சாட்டை எதிர்க்கவில்லை என்று சொன்ன அதே மதியத்தில், அவருடைய ராஜினாமாக் கடிதம் வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிஸிஞ்சர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அதிபரானாலும் துணை அதிபரானாலும் ராஜினாமாக் கடிதம் வெளியுறவு அமைச்சரிடம்தான் கொடுக்க வேண்டும், சட்டம் அப்படி. பத்தாயிரம் டாலர் அபராதம், மூன்று வருட நன்னடத்தைக் காவல், சிறை இல்லை.

நிக்ஸனின் மனதில் இருந்தவர் முன்னாள் நிதியமைச்சர் ஜான் கானலி. ஆனால் இரண்டு சபையும் எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் கையில், கானலி பெயர் தேறாது என்று தெரிந்ததும் எல்லோருக்கும் வேண்டியவரான ஜெரால்ட் ஃபோர்டுக்கு வந்தார். எஃப்.பி.ஐ. ஃபோர்டின் வாழ்க்கையைக் கிளறிப் பார்த்தது, இரு சபைக் குழுக்களும் விசாரித்தன. செனட்டில் 92-3, பிரதிநிதிகள் சபையில் 387-35, டிசம்பர் 6 அன்று பதவியேற்றார். நடுவில் அந்த எட்டு வாரம் அடுத்த வரிசையில் நின்றவர் எதிர்க்கட்சிக்காரரான ஆல்பர்ட். நிக்ஸன் மாட்டியிருந்த வாட்டர்கேட் ஊழல் கொதித்துக்கொண்டிருந்த நேரம். நிக்ஸனும் போயிருந்தால் தேர்தலே இல்லாமல் வெள்ளை மாளிகை கட்சி மாறியிருக்கும். ஜனநாயகக் கட்சியில் சிலர் அதற்காக இழுத்தடிக்க ஆசைப்பட்டார்கள், ஆனால் கட்சித் தலைமை அந்த விளையாட்டுக்கு இறங்கவில்லை.

1974 ஆகஸ்ட் 9-ல் நிக்ஸன் விலக, ஃபோர்டு அதிபரானார், நாற்காலி திரும்பக் காலி. இந்த முறை முன்மொழியப்பட்டவர் நெல்சன் ராக்கஃபெல்லர். பெயரைக் கேட்டாலே தெரியும், பணம்தான் பிரச்சினை. அரசுப் பதவியில் இருந்தவர்களுக்கு அவர் தாராளமாகக் கொடுத்த அன்பளிப்புகளும் கடன்களும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன, கிஸிஞ்சருக்கே 50,000 டாலர். நான்கு மாதம் இழுத்து, டிசம்பர் 19-ல் 287-128 என்று தேறினார். அதற்கப்புறம் இரண்டு வருடம் அமெரிக்காவில் அதிபரும் சரி, துணை அதிபரும் சரி, அந்தப் பதவிக்கென்று நாட்டு மக்கள் ஓட்டுப்போட்டு வந்தவர்கள் இல்லை. ராக்கஃபெல்லரையும் ஃபோர்டால் நீக்க முடியாது, 1976 தேர்தலில் அவருக்குப் பதில் பாப் டோலைச் சேர்த்துக்கொள்ளத்தான் முடிந்தது. பிடிக்காத துணை அதிபரை ஓர் அதிபர் கழற்றிவிட இருக்கும் ஒரே வழி அதுதான், அடுத்த தேர்தல் வரை பொறுத்திருப்பது.

அதே திருத்தத்தில் அதிபருக்கு உடம்பு முடியாமல் போனால் என்ன என்பதும் இருக்கிறது. அதிபர் தானே எழுதிக்கொடுத்து அதிகாரத்தை மாற்றலாம், 2021 நவம்பரில் பைடனுக்குப் பெருங்குடல் பரிசோதனை நடந்தபோது கமலா ஹாரிஸ் 85 நிமிடம் பொறுப்பு அதிபர். அதிபர் எழுதித்தர மறுத்தால் துணை அதிபரும் அமைச்சர்களில் பெரும்பான்மையினரும் சேர்ந்து அவரால் இயலவில்லை என்று எழுதலாம். அதை அதிபர் ஏற்க மறுத்தால் நாடாளுமன்றம் 21 நாளுக்குள் இரு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டோடு முடிவு சொல்ல வேண்டும். இது ஒரு முறைகூட நடந்ததில்லை, 2021 ஜனவரியில் ஜனநாயகக் கட்சியினர் பென்ஸிடம் கேட்டுப் பார்த்தார்கள், அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் கவனியுங்கள், துணை அதிபருக்கே நினைவு தப்பிப் படுத்துவிட்டால் என்ன செய்வது என்று இந்தத் திருத்தத்தில் ஒரு வார்த்தை இல்லை. அவர் இறக்கவில்லை, ராஜினாமாவும் செய்யவில்லை என்றால் நாற்காலி காலியில்லை. பொறுப்புத் துணை அதிபர் என்று ஒரு பதவியும் கிடையாது.

துணை அதிபரை வலுக்கட்டாயமாக வெளியேற்ற மிச்சமிருப்பது இம்பீச்மெண்ட் மட்டும். பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையில் குற்றம்சாட்ட வேண்டும், செனட் விசாரித்து மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில் தண்டிக்க வேண்டும். அதிபர் மீது விசாரணை என்றால் செனட்டில் தலைமை தாங்குபவர் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி என்று சாசனம் சொல்கிறது, ஏனென்றால் அதிபர் போனால் அந்த இடத்துக்கு வரப்போகிற துணை அதிபரை நடுவராக வைக்க முடியாதே. சரி, விசாரணையே துணை அதிபர் மீது என்றால்? அதற்கு விதியே எழுதவில்லை. எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால் செனட்டின் தலைவர் என்ற முறையில் அவர் தன் மீதான விசாரணைக்குத் தானே தலைமை தாங்கலாம் என்றுதான் வருகிறது. கூடாது என்று வாதாடும் சட்ட அறிஞர்கள் உண்டு, எழுத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்பவர்களும் உண்டு. இதுவரை எந்தத் துணை அதிபரையும் பிரதிநிதிகள் சபை இம்பீச் செய்யாததால் அந்தச் சண்டை இன்னும் காகிதத்தில்தான் நடந்துகொண்டிருக்கிறது.